“மைனஸ் மைனஸ் ப்ளஸ்” சொல்லிக்கொடுத்தும் −8 − 3 ஏன் 11 ஆகிவிட்டது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். காசிமேட்டில் ஒரு மீன் கோல்ட் ஸ்டோரேஜில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு. முழுக்கள் பாடத்தில் அவள் திணறுவதைப் பார்த்து, உங்களுக்கு நினைவிருந்த “மைனஸ் மைனஸ் ப்ளஸ்” விதியைச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவள் அதையே நம்பி −8 − 3 = 11 என்று எழுதித் தப்பு வாங்கிவந்தாள். −8 பெரிதா −3 பெரிதா என்றால் −8 என்கிறாள். 5 − (−3) எப்படி 8 ஆகும் என்று அவள் திருப்பிக் கேட்டபோது உங்களிடம் பதில் இல்லை. பூஜ்யம் ப்ளஸா மைனஸா என்று ஒரு கேள்வி. கடைசியாக, ட்யூஷனில் சேர்க்கவேண்டுமா என்று ஒன்று.

இதில் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: சொல்லிக்கொடுத்த விதி ஓரிடத்தில் கை கொடுக்கிறது, இன்னோர் இடத்தில் காலை வாருகிறது, எங்கே எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்டையார்பேட்டைப் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சாயங்காலம் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் மகள் செய்த தப்பு எனக்கு நன்றாகப் பழகிய தப்பு. மந்தமான பிள்ளை செய்கிற தப்பு இல்லை அது. சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்ட பிள்ளைதான் இதைச் செய்யும்.

முதலில் பெரிது, சிறிது. இதற்கு உங்கள் வேலையிடத்தைவிட நல்ல இடம் கிடையாது. உறைய வைத்த மீனை −18 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வைப்பதுதான் வழக்கம். அறைக்கு வெளியே உள்ள டிஸ்ப்ளேயில் −22 இருந்து, கதவைத் திறந்து திறந்து மூடியதில் −15 ஆகிவிட்டது என்றால் என்ன சொல்வீர்கள்? டெம்பரேச்சர் ஏறிவிட்டது என்பீர்கள். ஆக −15 தான் பெரிய எண் என்பது உங்கள் கைக்குப் பழகிய விஷயம். பிள்ளை ஏன் குழம்புகிறது என்றால், அதே இடத்தில் நாம் “−22 இல் கூலிங் அதிகம்” என்றும் சொல்கிறோம். இரண்டும் சரியான பேச்சுதான். கூலிங் அதிகம் என்னும்போது பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரம் கீழே என்று அளக்கிறோம். டெம்பரேச்சர் ஏறியது என்னும்போது எண்கோட்டில் எது மேலே என்று பார்க்கிறோம். உங்கள் மகள் −8 பெரிது என்று சொன்னபோது தூரத்தைச் சொல்லியிருக்கிறாள். தூரத்தைக் கேட்டிருந்தால் அவள் சொன்னது சரி. அவளிடம் “தப்பு” என்று சொல்வதற்குப் பதில், “நீ சொன்னது தூரம், பாடத்தில் கேட்டது இடம்” என்று சொல்லிப் பாருங்கள்.

இடத்தை வைத்துத்தான் பெரிது சிறிது சொல்லவேண்டும் என்று யார் முடிவு செய்தது? முடிவு செய்ததுதான், ஆனால் காரணத்தோடு. இரண்டு எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் எது பெரிதோ அதுவே பெரிதாக இருக்கவேண்டும் என்பது நமக்குப் பழக்கமான நியாயம். −8 உடனும் −3 உடனும் 10 ஐக் கூட்டுங்கள்: 2, 7. ஏழுதான் பெரிது. அப்படியானால் −3 தான் பெரியதாக இருந்திருக்கவேண்டும். −8 பெரிது என்று வைத்துக்கொண்டால் இந்த நியாயம் உடைந்துபோகும்.

அடுத்தது கழித்தல். சிக்கலின் வேர் இங்கேதான். ஒரே சின்னக் கோட்டை நாம் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். 8 − 3 இல் அந்தக் கோடு “கழி” என்கிற கட்டளை. −8 இல் அது அந்த எண்ணின் பெயரில் ஒரு பகுதி, இனிஷியல் மாதிரி. −8 − 3 இல் முதல் கோடு எண்ணுக்குச் சொந்தம், இரண்டாவது கோடு கட்டளை. இரண்டுக்கும் நடுவே 8 உட்கார்ந்திருக்கிறது, ஒன்றோடொன்று சேரவே இல்லை. அறிவியல் கால்குலேட்டர் செய்தவர்களுக்கு இது தெரியும். கழிப்பதற்கு ஒரு பட்டன், எண்ணுக்கு முன்னால் போடும் மைனஸுக்கு அடைப்புக்குறிக்குள் கோடு போட்ட தனிப் பட்டன் என்று வைத்திருப்பார்கள். எனவே முதல் மருந்து: கொஞ்ச நாளைக்கு எல்லாவற்றையும் அடைப்புக்குறி போட்டு எழுதச் சொல்லுங்கள். −8 − 3 என்பதை (−8) − (+3) என்று. எழுதியதை வாய்விட்டுப் படிக்கவும் சொல்லுங்கள்: “மைனஸ் எட்டிலிருந்து மூன்றைக் கழி.” −8 டிகிரியில் இருக்கிற அறை இன்னும் மூன்று டிகிரி இறங்கினால் −11. இதில் ப்ளஸ் வர இடமே இல்லை.

சரி, 5 − (−3)? உங்கள் டிஸ்ப்ளேயையே மறுபடி பாருங்கள். வெளியே 32 டிகிரி, உள்ளே −18. வித்தியாசம் எவ்வளவு? வித்தியாசம் என்றால் கழித்தல்தானே, 32 − (−18). உள்ளேயிருந்து பூஜ்யம் வரை ஏற 18, பூஜ்யத்திலிருந்து 32 வரை ஏற 32, ஆக மொத்தம் 50. அதாவது 32 + 18. மைனஸ் 18 ஐக் கழித்தது 18 ஐக் கூட்டியதாக ஆனதை எந்த விதியையும் மனப்பாடம் செய்யாமலே பார்த்துவிட்டோம். 5 − (−3) உம் இதேதான்: −3 இலிருந்து 5 வரை எவ்வளவு ஏறவேண்டும்? எட்டு.

கையால் தொட்டுப் பார்த்தால்தான் புரியும் என்கிற பிள்ளைகளுக்கு நான் கேரம் காய்களை எடுத்துக் கொடுப்பேன். நம் பக்கம் தெருவுக்கு ஒரு போர்டாவது இருக்கும். 2024 இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண்தான். வெள்ளைக் காய் ஒவ்வொன்றும் +1, கருப்புக் காய் ஒவ்வொன்றும் −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்தால் பூஜ்யம், ஜோடியாக எடுத்து ஓரம் வைத்துவிடலாம். தேவைப்பட்டால் ஜோடியாக உள்ளே கொண்டுவரவும் செய்யலாம், மதிப்பு மாறாது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். இப்போது 5 − (−3): ஐந்து வெள்ளையை வையுங்கள். இதிலிருந்து மூன்று கருப்பை எடு என்கிறது கணக்கு. கருப்பே இல்லையே? மூன்று ஜோடியைக் கொண்டுவாருங்கள். இப்போது எட்டு வெள்ளை, மூன்று கருப்பு. மூன்று கருப்பையும் எடுத்துவிட்டால் மிச்சம் எட்டு வெள்ளை. அவளாகவே வைத்து அவளாகவே எடுக்கவேண்டும். நீங்கள் செய்து காட்டினால் அது வித்தை, அவள் செய்தால் கணக்கு.

−8 − 3 ஐக் காயில் செய்யப் போனால் ஒரு சின்னத் தடங்கல் வரும். ஒரு போர்டில் கருப்பு ஒன்பதுதான், விடைக்குப் பதினொன்று வேண்டும். அதனால் −5 − 3 என்று மாற்றிக் கொடுங்கள். ஐந்து கருப்பு. மூன்று வெள்ளையை எடுக்கவேண்டும். இல்லை, எனவே மூன்று ஜோடி. வெள்ளைகளை எடுத்தபின் எட்டுக் கருப்பு, அதாவது −8. இதைச் செய்துவிட்டு நோட்டைத் திறந்து −8 − 3 = 11 என்று எழுதியதைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவளே அடித்துவிட்டுச் சரியாக எழுதுவாள்.

காய்களை நிறம் பிரித்துக் கணக்குப் போடுவது நான் கண்டுபிடித்தது இல்லை. சீனாவில் கணக்கிடும் குச்சிகளை வைத்து இதைத்தான் செய்தார்கள். கி.பி. 263 இல் லியூ ஹுய் என்கிற சீனக் கணித அறிஞர் ஒரு பழைய கணக்கு நூலுக்கு எழுதிய உரையில் மிகை எண்ணுக்கு, அதாவது ப்ளஸ் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்கு, அதாவது மைனஸ் எண்ணுக்குக் கருப்புக் குச்சி என்று வருகிறது. இன்று கணக்குப் பேரேட்டில் நஷ்டத்தைச் சிவப்பில் எழுதுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628 இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் சொத்து, கடன் என்கிற சொற்களை வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் விதிகளைச் சொல்லியிருக்கிறார். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து, இரண்டு கடன்களைப் பெருக்கினால் சொத்து என்பதெல்லாம் அதில் உண்டு. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் அவர் எழுதினார், அதை இன்று யாரும் ஏற்பதில்லை. ஐரோப்பாவில் 1545 இல் கார்டானோ என்கிற இத்தாலியக் கணித அறிஞர் தன் பெரிய நூலில் குறை எண் விடைகளைக் கற்பனை விடைகள் என்ற மாதிரிதான் ஒதுக்கினார். 1758 இல்கூட இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரஸ் என்பவர் குறை எண்களை எதிர்த்து ஒரு புத்தகமே போட்டார். படித்த பெரியவர்களே இவ்வளவு காலம் தகராறு செய்த விஷயத்தை ஏழாம் வகுப்பில் சில வாரங்களில் முடிக்கிறோம். மகள் கொஞ்சம் தடுமாறினால் கோபப்படாதீர்கள்.

பெருக்கலில்தான் அந்த “மைனஸ் மைனஸ் ப்ளஸ்” தன் சொந்த வீட்டில் இருக்கிறது. 2 × (−3) எளிது, மூன்று மூன்றாக இரண்டு தடவை கருப்புக் காய், −6. (−3) × 2 என்றால் இடம் மாற்றிப் பெருக்கினாலும் அதே விடை என்கிற பழைய பழக்கத்தால் −6. ஆனால் (−3) × (−2) க்குக் காய் உதவாது. “மைனஸ் மூன்று தடவை” எப்படி வைப்பது? சிலர் அதற்கும் ஏதாவது கதை கட்டுவார்கள், எனக்கு அது வலிந்து செய்வதாகப் படுகிறது. “எதிரிக்கு எதிரி நண்பன்” என்று வகுப்பில் சொல்கிற வழக்கமும் உண்டு. நினைவில் வைக்க நல்ல வரி, ஆனால் காரணம் அதில் இல்லை. அதைக் கேட்ட பிள்ளை −8 − 3 ஐயும் நண்பனாக்கிவிடுவதை யாரும் தடுக்க முடியாது.

காரணம் இது. ஒரு எண்ணால் ஒரு கூட்டுத்தொகையைப் பெருக்கினாலும், தனித்தனியே பெருக்கிக் கூட்டினாலும் விடை ஒன்றே. பாடப் புத்தகத்தில் பங்கீட்டுப் பண்பு என்று போட்டிருப்பார்கள். 7 × 12 ஐ 7 × 10, 7 × 2 என்று பிரித்து நாம் மனக்கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். இப்போது (−3) × (2 + (−2)) ஐப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பது பூஜ்யம், எனவே விடை பூஜ்யம். பிரித்துப் பெருக்கினால் (−3) × 2 உடன் (−3) × (−2) ஐக் கூட்டவேண்டும். முதலாவது −6 என்று தெரியும். −6 உடன் எதைக் கூட்டினால் பூஜ்யம் வரும்? +6. வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே (−3) × (−2) = 6. பங்கீட்டுப் பண்பு குறை எண்களிலும் நிலைக்கவேண்டும் என்று நினைத்தால் இந்த விடையைத் தவிர வேறு வழியில்லை.

வகுப்பில் இன்னொரு வழியும் காட்டுவார்கள்: 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0, வரிசையாக மும்மூன்றாக ஏறுகிறது, அடுத்து (−1) × (−3) = 3. பிள்ளைக்கு இது சீக்கிரம் பிடிக்கும், தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் இது நம்ப வைக்கும், நிரூபிக்காது. வரிசை அப்படியே தொடரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான். நிரூபணம் மேலே சொன்னது. நிஜ வாழ்க்கையில் எங்கே வரும் என்று கேட்டால் உங்கள் அறையிலேயே ஒன்று: மெஷின் போட்டதிலிருந்து மணிக்கு 4 டிகிரி இறங்குகிறது, இப்போது சரியாக பூஜ்யம். மூன்று மணி நேரம் முன்பு என்ன இருந்திருக்கும்? 12. இறக்கம் −4, கடந்த நேரம் −3, பெருக்கினால் +12. வகுத்தல் தனியாகக் கற்கவேண்டியதில்லை. (−12) ÷ (−4) என்றால் −4 ஐ எதனால் பெருக்கினால் −12 என்று கேட்பதுதான், விடை 3.

ஆக, அந்த விதியை எங்கே போடலாம் என்று கேட்டால்: பெருக்கலிலும் வகுத்தலிலும் போடலாம். 5 − (−3) போல இரண்டு கோடுகளும் ஒட்டி நிற்கும் இடத்திலும் போடலாம், ஏனென்றால் அங்கே ஒரு கோடு இன்னொன்றின் மேல் வேலை செய்கிறது. −8 − 3 இல் போடக்கூடாது. விதியை மகளிடமிருந்து பிடுங்கவேண்டாம். காய் வைத்துச் செய்து முடித்த பிறகு, வேகத்துக்காக அது இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை, எந்தப் புத்தகத்திலும் மாறாது. சில விஷயங்கள் அப்படி இல்லை, வெறும் ஏற்பாடுகள். பூஜ்யம் ப்ளஸும் இல்லை, மைனஸும் இல்லை என்பது நம் பாடத்திலும் பெரும்பாலான இடங்களிலும் உள்ள ஏற்பாடு. பிரான்சில் பூஜ்யத்தை இரண்டிலும் சேர்த்துச் சொல்வார்கள். பரீட்சைக்கு நம் ஏற்பாட்டையே எழுதட்டும். மைனஸை வெளியே வைத்து −3² என்று எழுதினால் கணக்குப் புத்தக வழக்கப்படி −9, அடைப்புக்குறி போட்டு (−3)² என்றால் 9. ஆனால் எக்செல்லில் அடைப்புக்குறி இல்லாமல் போட்டாலும் 9 தான் வரும். −7 ஐ 2 ஆல் வகுத்து முழு ஈவு கேட்டால் பைத்தான் என்கிற கணினி மொழியில் அதற்கான குறியைப் போட்டால் −4 என்னும், சி என்கிற இன்னொரு கணினி மொழியில் −3 என்னும். இரண்டும் பிழையில்லை, மீதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில்தான் வேறுபாடு. இதெல்லாம் பின்னால் வரும் சமாச்சாரம், இப்போது மகளிடம் சொல்லவேண்டாம். யூடியூப் பார்த்துவிட்டு அவளே கேட்டால் நீங்கள் திகைக்காமல் இருக்கத்தான் சொன்னேன்.

காய் நல்லதா எண்கோடு நல்லதா என்பதிலும் என்னிடம் இருப்பது அபிப்பிராயம்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் கூட்டல் கழித்தலுக்குக் காயும், பெரிது சிறிதுக்கு எண்கோடும் அதிகம் உதவுகின்றன. சில பிள்ளைகள் எண்கோட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கம் எத்தனை தாவுவது என்று குழம்பிவிடும். அப்போது கோட்டைப் படுக்கையாகப் போடாமல் தெர்மாமீட்டர் போல நிமிர்த்திப் போட்டுப் பார்க்கிறேன், ஏறுவது இறங்குவது என்று சொல்ல வசதியாக இருக்கிறது. உங்கள் மகளுக்கு எது ஒத்துவரும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்கள் எழுதிய இரண்டு மூன்று கணக்குகளைத் தவிர அவள் நோட்டை நான் பார்க்கவில்லை.

ட்யூஷன் இப்போது வேண்டாம் என்பேன். முதலில் நான்கு கணக்குகள் கொடுங்கள்: −5 + 4, 4 − 5, −4 − (−5), −5 − 4. விடைகள் முறையே −1, −1, 1, −9. கடைசிக் கணக்குக்குக் கருப்புக் காய் சரியாக ஒன்பது தேவைப்படும், ஒரு போர்டே போதும். காயோடு செய்து, அப்புறம் காய் இல்லாமல் செய்து, எப்படி வந்தது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். விடை சரியாக இருந்து காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் காயோடு இருக்கட்டும். 13 − 8 க்கே விரல் விட்டு எண்ணுகிறாள் என்றால் சிக்கல் மைனஸில் இல்லை, பழைய கழித்தலில். அதை முதலில் சரி செய்யவேண்டும், வேலை முடிந்து வந்து உட்கார உங்களுக்கு நேரமில்லை என்றால் அதற்கு ட்யூஷன் வைப்பது நியாயம்தான். வேறு மாதிரித் தப்புகள் வந்தால் அவள் எழுதியதை எழுதியபடியே இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.